துப்பாக்கியின் வியர்வை

தீபாவளிக்கு வாங்கிய பொட்டுத் துப்பாக்கி கார்த்திகைத் தீபத்திற்குள் துருவேறிப் போவது ஏன் என்று சிறு பிராயத்தில் நான் யோசித்ததில்லை. சுருள் பொட்டை மாட்டி நாள் முழுதும் படபடவென்று சுட்டுவிட்டு, இரவில் அதை அலமாரியின் மேல்தட்டில் போட்டு வைத்தால், அடைமழை ஓய்ந்து மறுபடி கையில் எடுக்கும்போது, குதிரை விழுகிற இடத்தைச் சுற்றி மஞ்சளும் சிவப்புமாகத் துரு பூத்து, விசை நகர மறுக்கும்; மட்டமான தகரத்தைத் தலையில் கட்டிவிட்டான் என்று வீட்டில் கடைக்காரரைத்தான் வைவார்கள். தகரத்தைவிடப் பொட்டுக்கே அதில் பங்கு அதிகம் என்பதும், அந்தப் பொட்டிலுள்ள அதே ரசாயனம் உலகத்துச் சேனைகளின் துப்பாக்கிகளையெல்லாம் நூறாண்டுக் காலம் அரித்து வந்தது என்பதும், அதன் காரணம் ஐயம் திரிபற விளங்கியது 1922-ஆம் ஆண்டில்தான் என்பதும் வெகு நாளைக்குப் பின்பு படித்தறிந்த செய்திகள்.

ரைபிள் தோட்டா என்பது நான்கு உறுப்புகள் கூடிய ஒரு சிறு பண்டம். உலோகக் கூடு ஒன்று, கூட்டின் வாயில் செருகிய குண்டு ஒன்று, உள்ளே நிறைத்த மருந்து, கூட்டின் அடிப்புற நடுவில் மிளகைவிடச் சற்றே பெரிய கிண்ணத்தில் அடைத்த பொட்டு. இந்தப் பொட்டை ஆங்கிலேயர் பிரைமர் என்கிறார்கள். நமக்குப் பொட்டு என்ற சொல்லே போதும். விசையை இழுத்ததும் ஊசி பாய்ந்து பொட்டைக் குத்துகிறது. குத்துப்பட்ட பொட்டு தீப்பொறியை உள்ளே துப்புகிறது. அந்தப் பொறியில்தான் மருந்து பற்றிக்கொள்கிறது. மருந்தின் எடையோடு ஒப்பிட்டால் பொட்டின் எடை கணக்கிலெடுக்கத் தகாத அற்பம். ஆயினும் தோட்டா வெடிக்குமா வெடிக்காதா என்பதும், வெடித்த பின் குழல் பிழைக்குமா பாழாகுமா என்பதும், அந்த அற்பத்தின் கையில்தான் இருக்கின்றன.

பொட்டின் கதை பிரான்சு தேசத்தில் தொடங்குகிறது. பெர்த்தோலே என்ற ரசாயன பண்டிதர் 1780-களில் பொட்டாசியம் குளோரேட் என்னும் உப்பைக் கண்டறிந்து, வெடியுப்புக்குப் பதிலாக இதைப் போட்டால் மேலான வெடிமருந்து கிடைக்கும் என்று நம்பினார்; 1788-இல் எஸோன் ஆலையில் அதை அரைத்துப் பார்த்தபோது வெடித்து உயிர்ச்சேதம் உண்டாயிற்று. ஓர் இடியிலேயே கோபித்துக்கொள்ளும் அந்த உப்பு மருந்தாக உதவவில்லை என்றாலும், பற்ற வைக்கும் பொறியாக உதவும் என்று கண்டவர்களில் முதன்மையானவர் ஒரு பாதிரியார். ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி என்ற கிராமத்துக் குருவாகிய அலெக்ஸாண்டர் ஃபோர்ஸைத், வாத்து வேட்டையில் பிரியமுள்ளவர். அக்காலத்துச் சக்கிமுக்கித் துப்பாக்கியில் வெளியே தெரியும் பளிச்சென்ற ஒளியைக் கண்ட மாத்திரத்தில், குண்டு வந்து சேருமுன் பறவைகள் பறந்துவிடுவதைச் சகியாமல், அடித்தால் பற்றும் ரசாயனங்களை வைத்து ஒரு பொறியமைப்பைச் செய்து 1807-இல் காப்புரிமை பெற்றார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1800-இல், எட்வர்ட் ஹோவர்ட் என்பவர் பாதரச ஃபல்மினேட்டைப் பற்றி விவரித்திருந்தார். பாதரச ஃபல்மினேட், குளோரேட், அஞ்சனக்கல் என்று நாம் சொல்லும் ஆன்டிமனி சல்ஃபைடு ஆகிய மூன்றும் கலந்த கலவையே பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் பொட்டின் உயிராக விளங்கிற்று. சிவகாசித் தீக்குச்சியின் தலையில் இருப்பதும் இந்தக் குளோரேட்தான் என்பதை நினைத்துக்கொண்டால், பொருளின் குணம் நம் வாசகர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது.

எரியும்போது குளோரேட் தன்னிடமுள்ள பிராணவாயுவையெல்லாம் கொடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடாக மிஞ்சுகிறது. இது சமையல் உப்பின் உடன்பிறப்பு. பார்வையிலும் ருசியிலும் மட்டுமல்ல, மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக் கசியும் குணத்திலும் தமையனை ஒத்தது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு எண்பத்தைந்தை எட்டினால், இது தானாகவே நீரை உறிஞ்சிக் கரைய ஆரம்பிக்கிறது. கரைந்த இடத்தில் எஃகு துருப்பிடிக்கிறது. இத்தனை எளிய விஷயத்தைக் கண்டுகொள்ள ஏன் நூறாண்டு பிடித்தது என்று கேட்டால், அதற்குச் சுவையான காரணம் ஒன்று உண்டு. கருமருந்து வழங்கிய காலத்தில், பத்துச் சுற்று சுட்டதும் குழல் அடுப்புச் சட்டிபோல் கரியேறிப் போகும். அதை வெந்நீர் ஊற்றிக் கழுவாமல் வைக்க எந்தச் சிப்பாய்க்கும் மனம் வராது. கரியோடு கரியாக உப்பும் கரைந்து போய்விடும். 1886-இல் பிரெஞ்சுக்காரர் வியெய்யின் புகையற்ற மருந்து லெபெல் துப்பாக்கியோடு சேனையில் புகுந்தபோது, சுட்ட பின்னும் குழல் பளபளவென்று இருந்தது. அழுக்கு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தண்ணீர் எதற்கு என்று தண்ணீரை விட்டார்கள். எண்ணெய் போதும் என்றார்கள். எண்ணெயில் உப்பு கரையாது என்பதை ஊறுகாய் போடும் எந்தப் பாட்டியும் சொல்லியிருப்பாள். பாட்டிகளை யாரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து நவீன ரைபிள்களுக்கு விசித்திரமான ஒரு வியாதி வந்தது. மாலையில் துடைத்து எண்ணெயிட்டுச் சாத்தி வைத்த குழல், காலையில் எடுத்துப் பார்த்தால் உள்ளே செம்மண் பூசியதுபோல் இருக்கும். மறுபடி துடைத்து எண்ணெயிட்டால், மறுநாள் மறுபடியும் அதே கதை. குழல் வியர்க்கிறது என்றார்கள். வெடிக்கும்போது உண்டாகும் வாயுக்கள் எஃகின் மயிர்க்கால்களுக்குள் புகுந்து ஒளிந்துகொண்டு, பிறகு நாலைந்து நாளைக்குச் சிறிது சிறிதாக வெளிவருகின்றன என்பது அதற்குச் சொன்ன தத்துவம். புகையற்ற மருந்தில் நைட்ரிக் அமிலம் சேர்வதால் அமிலமே மிஞ்சி அரிக்கிறது என்று வேறு சிலர் வாதித்து, அதை முறிக்கக் காரத் தைலங்களும் அம்மோனியாக் கலவைகளும் செய்து, விளம்பரம் போட்டு விற்றார்கள். தத்துவம் பிழையானாலும், அக்கலவைகளில் தண்ணீர் இருந்த மட்டில் குழல்கள் பிழைத்தன. அந்தப் புகழை அம்மோனியா தட்டிக்கொண்டு போயிற்று. இன்றைக்கும் ஜன்னல் கண்ணாடி துடைக்கும் நீல நீரைக் குழலில் தெளித்து, அம்மோனியா உப்பை முறித்துவிட்டது என்று மகிழ்கிறவர்கள் அமெரிக்காவில் ஏராளம்.

இந்தக் கதையில் நம் நீலகிரிக்கும் ஒரு மூலை உண்டு. குன்னூருக்கும் உதகைக்கும் இடையில் மலை ரயில் நின்று போகும் அரவங்காட்டில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஆங்கில அரசாங்கம் நிறுவிய கார்டைட் தொழிற்சாலை இன்றும் அதே பெயரோடு இருக்கிறது. ஆங்கிலச் சேனையின் புள்ளி முந்நூற்று மூன்று தோட்டாவை உடைத்துப் பார்த்தவர்கள், உள்ளே பொடியைக் காணாமல், இடியாப்பம் பிழிந்து உலர்த்தியதுபோல் பழுப்பு நிற நூல்கள் கட்டாக நிற்பதைக் கண்டு வியப்பார்கள், அதுவே கார்டைட். நூல்களைக் கூட்டுக்குள் செருகிய பின்புதான் கூட்டின் கழுத்தைக் குறுக்குவார்கள். நைட்ரோகிளிசரின் மிகுந்த பழைய கார்டைட் உக்கிரமாக எரிவது. அதன் சூடு குழலின் தொடக்கத்தை மெழுகுபோல் தேய்த்துவிடுவதால், 1901-இல் அதன் பங்கைக் குறைத்துப் புதிய பக்குவம் செய்தார்கள். தேய்மானம் வேறு, துரு வேறு. முன்னது மருந்தின் செயல், பின்னது பொட்டின் செயல். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதும் உண்மை வெளிவரத் தாமதமானதற்கு ஒரு காரணம்.

ஆங்கிலச் சேனைக்குக் காரணம் தெரிந்ததோ இல்லையோ, மருந்து தெரிந்திருந்தது. லீ-என்ஃபீல்டு ரைபிளின் அடிக்கட்டைக்குள் பித்தளை எண்ணெய்க் குப்பியும், நுனியில் பித்தளைக் கட்டி தொங்கும் இழுப்புக் கயிறும் வைத்திருப்பார்கள். நான்கு அங்குலத்திற்கு இரண்டு அங்குலம் ஃபிளானல் துணியைக் கயிற்றின் கண்ணியில் மாட்டி, பின்புறத்திலிருந்து ஒரே இழுப்பாக இழுத்துத் துடைப்பது அன்றாட விதி. சுட்டு முடித்த தினத்திலோ, அதற்கு முன்பாக ஒரு சடங்கு நடக்கும். கொதிக்கும் வெந்நீரைக் கெண்டியில் கொண்டுவந்து, அதற்கென்றே மூக்கு வளைத்துச் செய்த தகரப் புனலைக் குழலின் பின்வாயில் பொருத்தி, சில படி நீரை நிதானமாக ஊற்றுவார்கள். குழல் கை சுடும்படி காய்ந்துவிடுவதால், ஊற்றி முடித்ததும் மிஞ்சிய ஈரம் தானே ஆவியாகிவிடும்; பிறகு துணி, பிறகு எண்ணெய். இந்த வரிசை மாறக் கூடாது. எண்ணெயை முந்திக்கொண்டு தடவினால், அது உப்புக்குக் குடை பிடித்ததாகும்.

காரணத்தை ருசுப்படுத்தியவர் அமெரிக்காவின் சுரங்க இலாகாவைச் சேர்ந்த வில்பர்ட் ஹஃப். சுரங்க இலாகாவுக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம்; சுரங்கத்துப் பாறை உடைக்கும் வெடிகளைப் பரிசோதிக்க அவ்விலாகாவில் தேர்ந்த ரசாயனிகள் இருந்தார்கள். ஹஃப், சுட்ட குழல்களில் சிலவற்றை உலர்ந்த காற்றிலும் சிலவற்றை ஈரக் காற்றிலும் வைத்து, கழிவில் என்ன இருக்கிறதென்று பிரித்துப் பார்த்து, துருவுக்கு மூலம் மருந்தோ அமிலமோ அல்ல, பொட்டின் குளோரேட் விட்டுச் செல்லும் உப்புதான் என்றும், ஈரமில்லாத இடத்தில் அந்த உப்பு சும்மா கிடக்கும் என்றும், அதைப் போக்கத் தண்ணீரே போதும் என்றும் 1922-இல் வெளியான அறிக்கையில் நிலைநாட்டினார். எண்ணெய்ப் படலத்தின் கீழே நிகழும் துரு என்பதே அதன் தலைப்பு. எஃகின் மயிர்க்கால் தத்துவம் அன்றோடு செத்தது. இன்னும் சில வேட்டைக்காரர்களிடம் அதன் ஆவி உலவுகிறது.

காரணம் தெரிந்த பின் குளோரேட்டை நீக்கிய பொட்டுகள் வர நெடுநாளாகவில்லை. ஜெர்மனியில் ஈய ஸ்டிஃப்னேட்டையும் டெட்ரஸீனையும் அடிப்படையாகக் கொண்ட சினாக்ஸிட் என்ற கலவை 1928-இல் வெளிவந்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் ரெமிங்டன் கம்பெனி, குழலைச் சுத்தமாக வைப்பது என்ற பொருள்படும் கிளீன்போர் என்னும் பெயரால் துருவேற்றாத தோட்டாவை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கடைத் தோட்டாக்கள் சில ஆண்டுகளுக்குள் மாறிவிட்டன. சேனைகள் மாறவில்லை. அமெரிக்க ராணுவமே இரண்டாம் உலக யுத்தம் முழுவதையும் பெரும்பாலும் குளோரேட் பொட்டுகளோடு நடத்தி, 1950-களின் தொடக்கத்தில்தான் அவற்றைக் கைவிட்டது. எம்-1 கார்பைன் என்ற சிறு துப்பாக்கி மட்டும் விதிவிலக்கு. வாயு தள்ளும் அதன் சிறு உந்து, சிப்பாய் கழற்றித் துடைக்க இயலாத இடத்தில் அடைபட்டிருந்ததால், அதற்குத் தொடக்கத்திலிருந்தே துருவேற்றாத பொட்டையே வைத்தார்கள்.

ராணுவங்களின் இந்தப் பிடிவாதத்தை மூடத்தனம் என்று தள்ளிவிடுதல் சரியன்று. கிடங்கில் இருபது முப்பது ஆண்டு கிடந்த பிறகும், உறைபனியில் எடுத்தாலும் பாலைவனத்தில் எடுத்தாலும், முதல் குத்திலேயே வெடிக்கிறதா என்பதே சேனாதிபதியின் கேள்வி. ஊசி குத்தி ஒரு கணம் தயங்கிப் பின் வெடிக்கும் தோட்டா, காலாட்படை வீரனுக்குத் தொல்லை; சுழலும் விசிறியின் இதழ்களுக்கு இடையே சுடும்படி இணைத்த விமானத் துப்பாக்கியிலோ, அது தன் விசிறியைத் தானே துளைக்கும் ஆபத்து. குளோரேட்டின் திடசித்தம் நூறாண்டுப் பழக்கத்தில் நிரூபணமானது. புதிய கலவைகளின் ஆயுள் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. வெடிக்கும் என்ற உறுதியைக் கொடுப்பதும், வெடித்த பின் அரிக்கும் உப்பை விடுவதும் ஒரே பொருள்தான். ஒன்றை வேண்டி மற்றதைச் சகித்தார்கள்.

சோவியத் ராஜ்யம் அந்தச் சகிப்பை ஒரு முறைமையாகவே ஆக்கிக்கொண்டது. 1891-ஆம் ஆண்டு மாதிரியான மோசின் ரைபிளோடு ரஷ்யச் சிப்பாய்க்குக் கொடுத்த சிறு தகரக் குப்பியில் இரண்டு வாய்கள், நடுவே ஒரு தடுப்பு. ஒரு மூடியின் மேல் காரத்தைக் குறிக்கும் ரஷ்ய எழுத்து, மற்றதன் மேல் எண்ணெயைக் குறிக்கும் எழுத்து. முதலில் நீரில் கரைத்த காரத்தால் கழுவு, பிறகு எண்ணெயைத் தடவு என்ற சாஸ்திரம் முழுவதும் உள்ளங்கையில் அடங்கிவிடும். பிற்காலத்துக் கலாஷ்னிகோவ் துப்பாக்கிகளுக்கு உட்குழலில் குரோமியம் பூசி, உப்பின் வாயையே அடைத்தார்கள். பித்தளைக்குப் பதிலாக அரக்கு வண்ணம் பூசிய எஃகுக் கூட்டைக் கையாண்டதில் சிக்கனம் மட்டுமல்ல, வேறோர் அனுகூலமும் இருந்தது. பொட்டிலுள்ள பாதரசம் பித்தளையோடு கூடி அதை நொறுங்க வைக்கும். எஃகை அது தொடாது.

அந்த ராஜ்யம் 1991-இல் கலைந்தபோது, வராத யுத்தத்திற்காகச் சேர்த்து வைத்த தோட்டாக்கள் மலைமலையாகக் கிடங்குகளில் நின்றன. வாங்க ஆளிருந்தது. 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்நிய ராணுவத் துப்பாக்கிகளுக்குக் கதவை மூடிய அமெரிக்கா, 1980-களின் நடுவில் பழம்பொருள் என்ற வகையில் அவற்றுக்கு மறுபடி கதவைத் திறந்திருந்தது. மோசின் ரைபிள் நூறு டாலருக்குள் கிடைத்த காலம் அது. அதற்கான தோட்டாக்கள், ஒரு பெட்டிக்கு இரண்டு தகர டப்பாக்களும் டப்பாவுக்கு 440 தோட்டாக்களுமாக, மரப்பெட்டிகளில் வந்து இறங்கின. டப்பாவைத் திறக்க மரப்பெட்டிக்குள் கத்தி போன்ற ஒரு திறப்பான் இருக்கும். அதன் மூக்கை விளிம்பில் கொடுத்து நெம்பினால் தகரம் சுருண்டு விலக, மெழுகுக் காகித வாடையோடு, பழுப்புக் காகிதத்தில் இருபது இருபதாகச் சுற்றிச் சணல் நூலால் கட்டிய பொட்டலங்கள், நம் மளிகைக் கடைச் சீரகப் பொட்டலம்போல் அடுக்கடுக்காகத் தெரியும். தோட்டாவின் அடியில் தொழிற்சாலையின் எண்ணும் ஆண்டும் பொறித்திருக்கும். 17 என்றால் பர்னாவுல், 188 என்றால் நோவோசிபிர்ஸ்க், 60 என்றால் இன்று பிஷ்கெக் எனப்படும் ஃபுரூன்ஸே. கொரியா யுத்த காலத்தில் அடைத்த டப்பாவை அரை நூற்றாண்டு கழித்துத் திறந்தவர்களும், சுட்ட தோட்டாக்களில் பெரும்பாலும் எல்லாமே தவறாமல் வெடித்தன என்றே சாட்சி சொல்கிறார்கள். மலிவு என்பதால் மட்டம் என்று எண்ணியவர்களின் அபிப்பிராயம் அங்கே பொய்த்தது. காற்றுப் புகாமல் அடைபட்ட டப்பாவுக்குத்தான் இந்த வாக்கு. வெயிலிலும் மழையிலும் திறந்து கிடந்து கைமாறிய சரக்கு எந்தத் தேசத்தினுடையதானாலும் நம்பத் தக்கதன்று.

எஃகுக் கூட்டின் அரக்குப் பூச்சு சூட்டில் உருகித் தோட்டா அறையில் ஒட்டிக்கொள்கிறது என்று ஒரு பழி வெகு காலம் வழங்கிற்று. உண்மை அதைவிடச் சாதாரணமானது. பித்தளை வெடியின் அழுத்தத்தில் உப்பி அறையின் சுவரோடு இறுகப் படிந்து வாயுவைத் தடுக்கும். எஃகு அவ்வளவு வளைந்து கொடுக்காததால் கரி பின்னுக்குக் கசிந்து அறையில் படியும். அந்தக் கரியின் மேல் பித்தளைத் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் அது சிக்கிக்கொள்ளும். அரக்கின் மேல் பழி விழுந்தது அது கண்ணுக்குத் தெரிகிற பூச்சு என்பதால்தான்.

துருவைப் பற்றிய சாட்சியங்களோ ஒன்றுக்கொன்று முரண்பட்டு, புதிதாக வாங்குகிறவனைத் திகைக்க வைத்தன. அரிசோனாப் பாலையில் இருக்கும் ஒருவர், மாதக் கணக்கில் கழுவாமல் வைத்தேன், ஒரு புள்ளி துருவில்லை, எல்லாம் கட்டுக்கதை என்பார். லூயிசியானாச் சதுப்பு நிலத்துக்காரர், ஒரு ராத்திரியில் குழல் போயிற்று என்று தலையில் அடித்துக்கொள்வார். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவருக்கும் இடையே நின்றது ஹஃப் சொன்ன ஈரக் காற்றுதான். நம் சென்னைக் கடற்கரை வாசியை விசாரித்தால், அவர் லூயிசியானாக்காரர் பக்கம் நிற்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இன்று அந்த வெள்ளம் வடிந்துவிட்டது. சீனத்துத் தோட்டாக்களின் இறக்குமதியை அமெரிக்கா 1994-இல் நிறுத்திற்று. ரஷ்யாவிலிருந்து வருபவற்றிற்குப் புதிய அனுமதி இல்லை என்று 2021-இல் அறிவித்தது. ரஷ்ய ஆலைகள் பிற்காலத்தில் வியாபாரத்திற்கென்றே செய்து ஏற்றுமதி பண்ணின எஃகுக் கூட்டுத் தோட்டாக்கள் துருவேற்றாத பொட்டோடு வந்தவை. வெளித் தோற்றத்தில் அவற்றுக்கும் பழைய கிடங்குச் சரக்குக்கும் அதிக பேதமில்லாததால், எது எது என்பதில் குழப்பம் இன்னும் தீர்ந்தபாடில்லை. டப்பாவின் மேல் அளவும் ஆலையும் ஆண்டும் மருந்தின் வகையும் அச்சிட்டிருக்கும். பொட்டில் குளோரேட் உண்டா என்பதைப் பற்றி ஒரு சொல் இராது. சோவியத் சிப்பாய்க்கு அதைச் சொல்லத் தேவையிருக்கவில்லை, எல்லாவற்றிலும் உண்டு.

ஆகையால் பழக்கப்பட்டவர்கள் எழுத்தை நம்பாமல் ஆணியை நம்புகிறார்கள். ஒரு தோட்டாவின் குண்டையும் மருந்தையும் நீக்கிவிட்டு, பொட்டு மாத்திரம் மிஞ்சிய கூட்டைத் துப்பாக்கியிலிட்டு, குழல் வாய்க்கு முன்னே பளபளவென்று தேய்த்த இரும்பாணியைக் காட்டிச் சுடுவார்கள். பொட்டின் புகை படிந்த அந்த ஆணியையும், புகை படாத மற்றோர் ஆணியையும், ஈரம் மிகுந்த குளியலறையில் இரண்டு மூன்று நாள் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பார்கள். முதல் ஆணி சிவந்து, இரண்டாவது வெளுப்பாகவே இருந்தால், அன்றே கெண்டியில் வெந்நீர் கொதிக்கும்.